திரையைக் கடைசியில் எழுதுங்கள்: எல்ம் மொழியில் ஒரு அத்தோ கடை பில் திரை

ஃபங்ஷனல் மொழியில் திரை கட்ட வருபவர்கள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் லேப்டாப்போடு உட்காருகிறோம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற பிள்ளைகள். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், ரியாக்ட்டைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். வந்ததும் எல்லோரும் முதலில் பட்டன் வரைகிறார்கள். கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது.

இங்கே ஒரே ஒரு திரையை முதலிலிருந்து முடிவுவரை கட்டப்போகிறோம். பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம், செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலம் போடுகிற ஒரு அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) வண்டிக்கான பில் திரை. பண்டத்தைத் தட்டினால் ஆர்டரில் ஏற வேண்டும். மொத்தம் தெரிய வேண்டும். காசு வந்ததா, கடனா என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மொழி எல்ம், ப்ரௌசர் திரைகளுக்கான ஃபங்ஷனல் மொழி. குறுக்கு வழி அதில் கிடையாது என்பதால்தான் பயிற்சிக்கு அதை எடுக்கிறேன். எஃப் ஷார்ப்பில் எல்மிஷ், ஹாஸ்கெல்லில் மோனோமர் என்று இதே பாணி நூலகம் வேறு எதில் எழுதினாலும் படிகளின் வரிசை இதுதான். இன்னொன்று: மொழியில் உள்ள பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எல்மில் டைப்பின் பெயர் பெரிய எழுத்திலும், ஃபங்ஷன் பெயர் சிறிய எழுத்திலும் தொடங்க வேண்டும். தமிழில் அந்த வேறுபாடே இல்லை. திரையில் தெரிகிற வாசகங்களைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம்.

1. உட்காரும் முன் வேண்டியவை

எல்ம் கம்பைலர், பதிப்பு 0.19.1. இது 2019இல் வந்தது. இதைவிடப் பழைய பாடங்கள் இணையத்தில் ஏராளம், அவற்றில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பாடத்தில் சிக்னல் என்ற சொல் வந்தால் அது 2016இல் வந்த 0.17க்கு முந்தையது. பிகினர் ப்ரோக்ராம் என்று வந்தால் 0.19க்கு முந்தையது. இரண்டையும் மூடிவிடுங்கள். பாதி சரியான பாடம் முழுத் தப்பான பாடத்தைவிட அதிக நேரம் தின்னும்.

எல்ம்-ஃபார்மட் என்ற கருவியை எடிட்டரோடு இணைத்து, ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் ஓடும்படி வையுங்கள். எல்மில் உள்தள்ளலுக்கு அர்த்தம் உண்டு, டேப் எழுத்தை அது ஏற்காது. புதிதாக வருபவர்களின் முதல் பத்துப் பிழைகளில் பாதி இடைவெளிப் பிழைதான்.

முதல் முறை எல்ம் இனிட் கொடுக்கும்போதும் பேக்கேஜ் சேர்க்கும்போதும் இணையம் வேண்டும். ஹாட்ஸ்பாட்டை நம்பி வருபவர்கள் இதை வீட்டிலேயே முடித்துவிட்டு வரட்டும்.

முன்னறிவாக ஃபங்ஷன், பட்டியல், மேப் என்றால் என்ன என்பதும், கொஞ்சம் எச்டிஎம்எல்லும் போதும். மோனாட் பற்றிப் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. அதைப் படிக்கப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவே இல்லை.

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

2. வண்டிப் பக்கத்தில் நின்று, நடப்பதை எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்காமல் அரை மணி நேரம் வண்டி அருகே நில்லுங்கள். காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள்.

"அண்ணே, ரெண்டு அத்தோ, ஒண்ணு முட்டை போடாத. அது பார்சல். அப்பால ஒரு முட்டை மசாலா."

"எவ்ளோ ஆச்சுண்ணா?"

"நாளைக்குத் தரேன், எழுதி வெச்சுக்க."

இதில் இரண்டு வகைச் செய்தி இருக்கிறது. ஒன்று, நடப்பவை: கேட்டார், குறைத்தார், காசு கொடுத்தார், கடன் சொன்னார். இன்னொன்று, நினைவில் வைக்க வேண்டியவை: யாருக்கு என்னென்ன, எத்தனை, காசு வந்ததா. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் முதல் வகையையும் வலப்பக்கம் இரண்டாம் வகையையும் எழுதுங்கள். இடப்பக்கம் பின்னால் மெசேஜ் ஆகும், வலப்பக்கம் மாடல் ஆகும்.

இந்தப் படியை ஏன் தாண்டக்கூடாது? ஜாவாஸ்கிரிப்ட்டில் பழகியவர்களுக்குத் திரையே நினைவகம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று திரையையே கேட்டுப் பழக்கம். இங்கே திரை எதையும் நினைவில் வைக்காது. மாடலை வாங்கி, படமாகக் காட்டும் ஒரு ஃபங்ஷன் அது. மாடலில் இல்லாதது எதுவும் திரையில் இருக்க முடியாது. ஆகவே, எதை நினைவில் வைப்பது என்று தெரியாமல் திரையைத் தொடங்கினால் மூன்றாவது பட்டனிலேயே கை நின்றுவிடும்.

3. மாடல்: இங்கே நேரம் செலவழியுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். மாடல் சரியாக அமைந்துவிட்டால் மீதி தானாக ஓடும்.

முதலில் பணம் வந்த விதத்தை எடுப்போம். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இப்படி எழுதுகிறார்கள்: ரொக்கமா என்று ஒரு பூலியன் (ஆம் அல்லது இல்லை), யுபிஐயா என்று ஒன்று, கடனா என்று ஒன்று, கூடவே கடன்காரர் பெயருக்கு ஒரு சரம் (எழுத்துத் தொடர்). மூன்று பூலியனுக்கு எட்டு சேர்க்கை உண்டு. அதில் நான்குக்குத்தான் அர்த்தம் இருக்கிறது. ரொக்கமும் ஆம், கடனும் ஆம் என்றால் என்ன பொருள்? ரொக்கம் கொடுத்தவருக்குக் கடன்காரர் பெயர் எதற்கு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிரல் முழுக்க இஃப் போட வேண்டி வரும்.

இப்படி எழுதுங்கள்:

பணம்
= இன்னும் வரவில்லை
| ரொக்கம்
| யுபிஐ
| கடன் (யார் பெயரில்)

இது எல்மின் கஸ்டம் டைப். நான்கில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் இருக்க முடியும். பெயர் கடனுக்குள் மட்டுமே வாழ்கிறது. நடக்கக்கூடாததை எழுதவே முடியாது என்பதால், அதைச் சோதிக்கும் வேலையும் இல்லை.

பண்டத்துக்கும் இதே முறை. அத்தோவுக்கு முட்டை போடலாமா வேண்டாமா என்ற கேள்வி உண்டு. முட்டை மசாலாவுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. எல்லாப் பண்டத்துக்கும் பொதுவாக ஒரு முட்டை பூலியன் வைத்தால், முட்டை இல்லாத முட்டை மசாலா ஒருநாள் பில்லில் வந்து நிற்கும். எங்கள் அறையில் ஒரு முறை வந்தது, சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆகவே:

பண்டம்
= அத்தோ (முட்டையோடு அல்லது முட்டையில்லாமல்)
| மொய்ங்கா
| முட்டை மசாலா

ஆர்டரில் ஒரு வரி என்பது பண்டம், பார்சலா இல்லையா, எத்தனை என்ற மூன்றும் கொண்ட ரெக்கார்ட். ஆர்டர் என்பது அந்த வரிகளின் பட்டியலும் பணம் வந்த விதமும் கொண்ட ரெக்கார்ட்.

இங்கே புத்திசாலிகள் ஒரு தப்பு செய்வார்கள். பண்டத்தைச் சாவியாகவும் எண்ணிக்கையை மதிப்பாகவும் வைத்து டிக்ட் போடலாமே என்று தோன்றும். கம்பைலர் கம்பேரபிள் என்ற சொல்லோடு திட்டும். எல்மின் டிக்ட்டுக்குச் சாவியாக எண், சரம் போல வரிசைப்படுத்தக்கூடியவைதான் ஆகும், கஸ்டம் டைப் ஆகாது. பட்டியலே போதும். ஒரு மேசையில் நாற்பது வகை ஆர்டர் வரப்போவதில்லை.

பணத்தை முழு எண்ணில் வையுங்கள், ரூபாயாக. பைசா வேண்டும் என்றால் எல்லாவற்றையும் பைசாவாக, அதையும் முழு எண்ணாக. ஃப்ளோட்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. கடைக்காரரிடம் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மொத்தத் தொகையை மாடலில் வைக்காதீர்கள். வரிகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கூட்டி எடுக்கக்கூடிய ஒன்றைச் சேமித்து வைத்தால் இரண்டு உண்மைகள் உருவாகும், ஒருநாள் இரண்டும் முரண்படும். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு, பெரும்பாலான பாடங்கள் இதைச் சொல்வதில்லை. பில் முடிந்த கணத்தில் அந்தத் தொகையை உறைய வைத்துவிட வேண்டும். இன்று அத்தோ 70 ரூபாய், அடுத்த மாதம் 80 ஆகலாம். விலைப்பட்டியலை மாற்றியதும் பழைய கடன்காரரின் பாக்கியும் ஏறினால் வண்டி முன்னால் சண்டைதான். நடக்கிற ஆர்டருக்குத் தொகையைக் கணக்கிடுங்கள். முடிந்த பில்லுக்குத் தொகையைப் பதிந்து வையுங்கள்.

இந்த டைப்புகளையெல்லாம் மெயின் ஃபைலில் போடாமல் கணக்கு என்று தனி மாட்யூலில் போடுங்கள். அந்த ஃபைலில் எச்டிஎம்எல் ஒரு வரிகூட வரக்கூடாது. காரணம் 5ஆம் படியில்.

4. மெசேஜ்: நடந்ததைச் சொல்லுங்கள், கட்டளை போடாதீர்கள்

நோட்டின் இடப்பக்கத்தை எடுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு மெசேஜ். பண்டம் தட்டப்பட்டது, வரி குறைக்கப்பட்டது, கடன் பெயர் அடிக்கப்பட்டது, பணம் வந்தது, பில் முடிந்தது.

"எண்ணிக்கையை ஒன்று கூட்டு", "மொத்தத்தைப் புதுப்பி" என்று கட்டளையாகப் பெயர் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் முடிவெடுக்கும் வேலை திரைக்குப் போய்விடும். திரை நடந்ததை மட்டும் சொல்லட்டும். அதற்கு என்ன செய்வது என்பதை அப்டேட் ஒரே இடத்தில் முடிவு செய்யட்டும். "வரி குறைக்கப்பட்டது" என்றால் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்போது அந்த வரியே போய்விட வேண்டும். அந்த விதி இருக்க வேண்டிய இடம் அப்டேட், பட்டன் அல்ல.

5. அப்டேட்: திரை இல்லாமலே ஓட்டிப் பாருங்கள்

அப்டேட் ஒரு சாதாரண ஃபங்ஷன், இதையும் மெசேஜையும் கணக்கு மாட்யூலிலேயே எழுதுங்கள். ஒரு மெசேஜையும் பழைய மாடலையும் வாங்கி, புது மாடலைத் தரும். பழையது மாறாது.

கேஸ் போட்டு ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு கிளை எழுதுங்கள். கடைசியில் அடிக்கோடு போட்டு மற்றதெல்லாம் இதில் போகட்டும் என்று முடிக்கும் ஆசை வரும். வேண்டாம். நாளைக்கு "பார்சல் மாற்றப்பட்டது" என்று ஒரு மெசேஜ் சேர்த்தால், எந்தெந்த இடத்தில் அதைக் கவனிக்கவில்லை என்று கம்பைலரே பட்டியல் போட்டுத் தரும். அடிக்கோடு போட்டவருக்கு அந்தப் பட்டியல் கிடைக்காது. பட்டன் தட்டுவார், ஒன்றும் நடக்காது, பிழைச்செய்தியும் வராது.

அடுத்த தடுக்கல், ரெக்கார்டுக்குள் இருக்கும் ரெக்கார்ட். மாடலுக்குள் ஆர்டர், ஆர்டருக்குள் பணம். ரெக்கார்டை மாற்றும் குறியீட்டில் செங்குத்துக் கோட்டுக்கு முன்னால் ஒரு பெயர் மட்டும்தான் வரலாம். மாடல் புள்ளி ஆர்டர் என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது. சுற்றி வளைக்க முயலாமல், ஆர்டரை வாங்கி ஆர்டரைத் தரும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, அதை அப்டேட்டிலிருந்து கூப்பிடுங்கள். பெயரோடு நிற்கிற சின்ன ஃபங்ஷன் படிக்கவும் எளிது.

சரி, இப்போது சோதனை. இன்னும் பட்டன் எதுவும் இல்லை. எல்ம் ரெப்பிளைத் (வரி வரியாக அடித்து விடை பார்க்கும் கருவி) திறந்து கணக்கு மாட்யூலை இம்போர்ட் செய்யுங்கள். அத்தோ தட்டப்பட்டது, அத்தோ தட்டப்பட்டது, முட்டை மசாலா தட்டப்பட்டது என்று மூன்று மெசேஜை ஒரு பட்டியலில் வையுங்கள். லிஸ்ட் மாட்யூலில் ஃபோல்டெல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது கேட்கிற முதல் பொருள், ஒரு உறுப்பையும் இதுவரை சேர்ந்ததையும் வாங்கி, புதிதாகச் சேர்ந்ததைத் தரும் ஃபங்ஷன். அப்டேட்டின் வடிவமும் அதேதான்! ஃபோல்டெல்லுக்கு அப்டேட்டையும் காலி மாடலையும் மெசேஜ் பட்டியலையும் கொடுத்தால் மூன்று தட்டலும் நடந்து முடிந்த மாடல் கைக்கு வரும். அத்தோ 70, முட்டை மசாலா 20 என்று விலை வைத்திருந்தால் மொத்தம் 160 வர வேண்டும்.

ஒரு நாள் முழுக்கக் கடையில் நடந்ததை ஒரு பட்டியலாக எழுதி இப்படி ஓட்டிவிடலாம். இதை நேரில் பார்க்கும்போதுதான் பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதுவரை ஏதோ வாத்தியார் சொல்கிறார் என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். கணக்கு மாட்யூலைத் தனியாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இல்லாத வரியைக் குறைத்தால் என்ன ஆகிறது, காலி ஆர்டரில் பில் முடிந்தால் என்ன ஆகிறது என்பதையும் இங்கேயே பாருங்கள். திரை வந்த பிறகு இவற்றைத் தேடுவது கஷ்டம்.

6. வியூ: முதலில் அசிங்கமாக எழுதுங்கள்

இப்போது பட்டன். ப்ரௌசர் மாட்யூலில் சாண்ட்பாக்ஸ் என்பதை எடுங்கள். தொடக்க மாடல், அப்டேட், வியூ மூன்றும் போதும்.

முதல் வியூவில் பண்டத்துக்கு ஒரு பட்டன், அதற்குக் கீழே டீபக் மாட்யூலின் டூஸ்ட்ரிங் கொண்டு மாடலை அப்படியே எழுத்தாகக் காட்டுங்கள். நிறம், ஓரம், எழுத்துரு எதுவும் வேண்டாம். எல்ம் ரியாக்டரை (ஃபைலை ப்ரௌசரில் காட்டும் கருவி) ஓட்டி 8000ஆம் போர்ட்டில் திறந்து, தட்டத் தட்ட மாடல் மாறுவதைப் பாருங்கள். இது சரியாக வந்த பிறகுதான் அழகு.

ஆன்கிளிக்குக்கு என்ன கொடுப்பது என்பதில் ஜாவாஸ்கிரிப்ட் பழக்கம் குறுக்கே வரும். அங்கே ஒரு ஃபங்ஷன் கொடுப்போம், அது ஓடும். இங்கே கொடுப்பது ஒரு மெசேஜ் மதிப்பு. எதுவும் ஓடாது. "தட்டினால் இதை அப்டேட்டுக்கு அனுப்பு" என்று சீட்டு எழுதி ஒட்டுவது போல. ஆன்இன்புட் மட்டும் வேறு. அடித்த சரத்தை வாங்கி மெசேஜாக்கும் ஃபங்ஷனை அது கேட்கும்.

ரியாக்ட்டிலிருந்து வருபவர்கள் ஒவ்வொரு வரியையும் தனி காம்போனென்ட் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி மாடல், தனி மெசேஜ், தனி அப்டேட் வைப்பார்கள். பிறகு எச்டிஎம்எல் மேப் போட்டு அவற்றைக் கோக்கவே அரை நாள் போகும். வரியை வாங்கி எச்டிஎம்எல் தரும் சாதாரண ஃபங்ஷன் போதும். மாடல் ஒன்றே ஒன்று. ஃபைல் நானூறு வரி ஆனாலும் பயப்படாதீர்கள். எல்மில் நீளமான ஃபைல் குற்றமில்லை.

7. எழுதும் பெட்டி: எல்லோரும் விழும் பள்ளம்

கடன் பெயருக்கு ஒரு பெட்டி. எண்ணிக்கையை நேரடியாக அடிக்க இன்னொரு பெட்டி. பார்க்க எளிது, விழுவது இங்கேதான்.

எண் பெட்டிக்கு மாடலில் முழு எண்ணை வைக்காதீர்கள், சரத்தை வையுங்கள். 12 இருக்கிறது, அதை அழித்து 5 அடிக்கப் போகிறார். அழித்த கணத்தில் பெட்டி காலி. சரத்தை எண்ணாக்கும் டூஇன்ட்டுக்குக் காலிச் சரத்தைக் கொடுத்தால் நத்திங், அதாவது எண் இல்லை என்று வரும். அதை நீங்கள் 0 ஆக்கி மாடலில் வைத்தால் பெட்டியில் 0 வந்து உட்காரும், அவரால் பெட்டியைக் காலியாக்கவே முடியாது. பயனர் அடித்துக்கொண்டிருப்பது வரைவு, எண் அல்ல. வரைவைச் சரமாக வைத்து, "சேர்" தட்டும்போது மட்டும் எண்ணாக மாற்றுங்கள். மாறவில்லை என்றால் பெட்டிக்குக் கீழே ஒரு வரி: எண்ணை மட்டும் அடிக்கவும்.

பெயர்ப் பெட்டியில் ஒரு தம்பி ஒழுங்குக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ட்ரிம் போட்டிருந்தார். "ஐஸ் ஹவுஸ் பாய்" என்று அடிக்கவே முடியவில்லை. இடைவெளி போட்டதும் அது சரத்தின் ஓரம்தானே? ட்ரிம் அதைத் தின்றுவிடும். அடிக்கும்போது சரத்தைத் தொடாதீர்கள். தமிழ் விசைப்பலகையில் எழுத்து இன்னும் கூடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தமிழ் என்றதும் இன்னும் இரண்டு. எல்மின் ஸ்ட்ரிங் லெங்த் நாம் எண்ணுகிற எழுத்தை எண்ணாது. அத்தோ நமக்கு மூன்று எழுத்து. அதற்கு ஐந்து: அ, த, புள்ளி, த, ஓகாரக் குறி. ஆகவே "பெயர் 10 எழுத்துக்குள்" என்று விதி போட்டால் பாதித் தமிழ்ப் பெயர் தோற்கும். அதேபோல, வட்டத்துக்குள் முதல் எழுத்தைக் காட்ட ஸ்ட்ரிங் லெஃப்ட் போட்டு ஒன்று எடுத்தால் கொருக்குப்பேட்டைக்குக் "கொ" வராது, "க" வரும். முதல் எழுத்தை எடுக்கும்போது அதைத் தொடர்ந்து வரும் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து எடுக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இன்னும் நுணுக்கம். "கொ" என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, எல்முக்கு இரண்டும் வேறு சரம். ஒரே ஆள் பெயரில் இரண்டு கடன் கணக்கு விழுவது இப்படித்தான். பெயரைச் சேர்க்கும் நேரத்தில் ஒகர, ஓகாரக் குறிகளுக்கு இரண்டு ஸ்ட்ரிங் ரீப்ளேஸ் போட்டால் பெரும்பாலும் தீரும்.

8. வெளி உலகம்: சேமிப்பும் நேரமும்

பக்கத்தை மூடித் திறந்தால் கடன் கணக்கு இருக்க வேண்டும். சாண்ட்பாக்ஸுக்கு வெளி உலகம் தெரியாது. ஆகவே ப்ரௌசர் எலிமென்ட்டுக்கு மாறுங்கள். இப்போது அப்டேட் மாடலோடு ஒரு கமாண்டையும் (வெளியே செய்ய வேண்டிய வேலைக்கான சீட்டு) சேர்த்துத் தர வேண்டும். கணக்கு மாட்யூலில் உள்ள அப்டேட்டை மாற்றாதீர்கள். மெயினில் அதைக் கூப்பிட்டு, வந்த மாடலோடு "இதைச் சேமி" என்ற கமாண்டைச் சேர்க்கும் மேலுறை ஒன்று எழுதுங்கள். ரெப்பிளில் ஓட்டிய சோதனை அப்படியே பிழைக்கும்.

பில்லில் நேரம் வேண்டும் என்று கேட்டால், அப்டேட்டுக்குள் நேரத்தை எடுக்க முடியாது. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தர வேண்டிய ஃபங்ஷன் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது. டைம் நவ் என்பது ஒரு டாஸ்க். அதைக் கமாண்டாக அனுப்பினால் நேரம் ஒரு மெசேஜாகத் திரும்பி வரும்.

ப்ரௌசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுத போர்ட் வேண்டும்; இது 8000ஆம் போர்ட் அல்ல, எல்மிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்குச் செய்தி அனுப்பும் வாசல். இனி ரியாக்டர் உதவாது. எல்ம் மேக் கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் எடுத்து, சொந்த எச்டிஎம்எல் பக்கத்தில் இணைக்க வேண்டும். இங்கே எல்லோரையும் குழப்பும் பிழை ஒன்று: போர்ட்டை அறிவித்திருப்பீர்கள், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் அது அன்டிஃபைன்ட் என்று வரும். எல்ம் பக்கம் அந்தப் போர்ட்டை எங்கும் பயன்படுத்தவில்லை என்றால் கம்பைலர் அதை வெட்டிவிடும். பெயரைச் சரிபார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல், அப்டேட்டிலிருந்து அதைக் கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்.

சேமித்ததைத் திரும்ப எடுப்பது ஃப்ளாக் வழியாக, அதாவது ஆப் தொடங்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் உள்ளே கொடுக்கும் மதிப்பு வழியாக. இதில் நானே விழுந்தேன். ஃப்ளாக்கின் டைப்பை மாடலின் புலங்களையே கொண்ட ரெக்கார்டாக, எண்ணும் சரமுமாக எழுதிவிட்டேன். ஒரு சனிக்கிழமை மாடலில் பார்சல் என்ற புலத்தைச் சேர்த்துப் புதுப் பதிப்பைப் போனில் ஏற்றினேன். பழைய சேமிப்பில் அந்தப் புலம் இல்லை. டீகோட் (சேமித்ததைப் படித்து எல்ம் மதிப்பாக்கும் வேலை) தோற்றது, ஆப் தொடங்கவே இல்லை, வெள்ளைத் திரை. அன்று இரவு கணக்கு முழுக்க முட்டை அட்டையில் எழுதப்பட்டது. "இன்னா தம்பி, இதுக்கு அட்டையே தேவலாம்" என்றார் வண்டிக்கார அண்ணன்.

ஆகவே ஃப்ளாக்கை ஜேசான் வேல்யூ என்றே வாங்குங்கள். டீகோடரை நீங்களே இனிட்டுக்குள் ஓட்டுங்கள். தோற்றால் காலி மாடலோடு தொடங்குங்கள், அதோடு பழைய சேமிப்பைப் படிக்க முடியவில்லை என்று திரையில் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த நிலையில் பழையதன் மேல் எழுதிவிடாதீர்கள். வேறு சாவியில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சேமிப்பில் பதிப்பு எண் ஒன்றையும் வைத்தால் அடுத்த முறை பழையதைப் படிக்கத் தனி டீகோடர் எழுதலாம்.

லோக்கல் ஸ்டோரேஜ் பெட்டகம் அல்ல. போனில் ப்ரௌசர் தரவை யாராவது அழித்தால் அதுவும் போகும். பெரிய கடன்கள் நோட்டிலும் இருக்கட்டும்.

9. பட்டியல் வரிகளுக்கு அடையாளம்

வரிக்குள் எழுதும் பெட்டி இருந்து, நடுவில் ஒரு வரி அழிந்தால் கர்சர் பக்கத்து வரிக்குத் தாவும். வரிசை எண்ணை வைத்துத்தான் எல்ம் பழைய திரையையும் புதியதையும் ஒப்பிடுகிறது. எச்டிஎம்எல் கீயிட் பயன்படுத்தி ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாளம் கொடுங்கள். வரிசை எண்ணையே அடையாளமாகக் கொடுத்தால் கொடுக்காததற்குச் சமம். லேஸி (மாறாத பகுதியைத் திரும்பக் கணக்கிடாமல் விடும் வசதி) பற்றி இந்த அளவுக்கு யோசிக்க வேண்டாம்.

10. வண்டிக்குக் கொண்டுபோவது

எல்ம் மேக்குடன் ஆப்டிமைஸ் கொடியைச் சேருங்கள். 6ஆம் படியில் போட்ட டீபக் எங்காவது மிச்சம் இருந்தால் கம்பைலர் மறுக்கும். அதை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

அறையில் அழகாக இருந்த திரை வண்டியில் வேறு மாதிரி இருக்கும். விரலில் எண்ணெய், புளித்தண்ணீர். பட்டன்கள் பெரிதாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கட்டும். "பில் முடிந்தது" பட்டனை "குறை" பட்டனுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வைத்திருந்தேன்.

முதல் வாரத்தில் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "தப்பா அமுக்கிட்டா திருப்பி வர்ற மாதிரி பண்ணேன்." வேறு முறையில் எழுதியிருந்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் எதிர்ச்செயல் எழுத வேண்டும். இங்கே பழைய ஆர்டர் மாறுவதில்லை, அப்படியே கையில் இருக்கிறது. மாடலில் "முந்தையவை" என்று ஒரு பட்டியல் சேருங்கள். ஆர்டரை மாற்றும் ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் இப்போதைய ஆர்டரை அதன் தலையில் வையுங்கள். லிஸ்ட் டேக் கொண்டு 20க்கு மேல் வளராமல் வெட்டுங்கள். "திருப்பு" தட்டப்பட்டால் தலையில் இருப்பதை எடுத்து ஆர்டராக்குங்கள். பட்டியல் காலியாக இருந்தால் மாடலை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

பெயர்ப் பெட்டியில் அடிக்கும் மெசேஜை இதில் சேர்க்காதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு இடத்தைத் தின்னும். பில் முடிந்ததும் முந்தையவையைக் காலி செய்துவிடுங்கள். காசு வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு அந்த ஆர்டர் திரும்பி வந்தால் கணக்கு இடிக்கும். முடிந்த பில்லைத் திருத்த வேண்டுமென்றால் அதற்குத் தனி மெசேஜ், தனி பட்டன். அது திரையின் மறு ஓரத்தில் இருக்கட்டும்.